மைக் மேடம் சொன்ன ஒரு வார்த்தை

எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் என்னோடு வேலை பார்த்த அவளுக்கு மைக் மேடம் என்று பெயர். நக்கலாக வைத்தவர் துறைத் தலைவர். சனிக்கிழமையானால் போதும், ஏதாவது ஒரு தெருவுக்குப் போய், அங்குள்ளவர்கள் குடிக்கும் தண்ணீரைச் சோதித்து, அதில் என்ன இருக்கிறது என்று மைக் பிடித்துப் புரியும்படி சொல்லிவிட்டு வருவாள். அப்போது எடுத்த படத்தைக் கல்லூரி விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்வார்கள். வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தால் மட்டும், "ஆய்வுக் கட்டுரை எங்கே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். நிரந்தர வேலைக்கு அறிவித்திருந்த நேர்காணலில் தேறாவிட்டால், இருக்கிற தற்காலிக வேலையும் போய்விடும்.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் தலையில் இடி விழுந்தது. பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே தண்ணீரில் ஈயம் கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் பூட்டி வைத்திருந்த அடிகுழாயை முன்பு சோதித்தபோது, "ஈயம் குறிப்பிடும்படி இல்லை" என்று சொல்லியிருந்தாள். எங்கள் பாஷையில் அதற்கு, எடுத்த தண்ணீர் மாதிரிகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பொருள். தெருவில் அதற்கு ஒரே பொருள்தான்: ஈயம் இல்லை. மறுநாளே பூட்டை உடைத்துக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது நிறைய மாதிரிகள் எடுத்துப் பார்த்ததில், ஈயம் அளவுக்கு மீறி இருந்தது.

"நேர்காணல் முடியட்டும்மா, அப்புறம் போய்ச் சொல்லிக்கலாம். ஒரு வாரத்துல என்ன குடியா முழுகிடப் போகுது?" என்றார் தலைவர்.

"அதைக் குடிக்கிறது நாம இல்லயே சார்," என்றாள்.

அன்று மாலையே போனாள். நானும் கூடப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "நான் சொன்ன விதம் தப்பு. இந்தத் தண்ணிய இனிமே வாயில வைக்காதீங்க," என்றாள். யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். நேர்காணலில் அதைத்தான் போட்டுக் காட்டி, கல்லூரியின் மானத்தை வாங்கிவிட்டதாகக் குதித்தார்களாம். வேலை, ஆய்வகத்தைவிட்டு வெளியே தலைகாட்டாத ஒருவருக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தையல்காரரின் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. அந்தப் பெண் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அப்பா அப்பவே வேணாம்னார் மேடம். வேற யார் சொல்லியிருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்களேன்னுதான் குடிச்சேன்."