கிணற்றுக்குள் ஓடிய எஞ்சின்

பெரம்பலூர் சமுதாயக் கல்லூரியில் தொழிற்பாதுகாப்பும் சுகாதாரமும் படித்துக்கொண்டிருந்தேன். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் வேலை கிடைக்கும் என்று அப்பாதான் சேர்த்துவிட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, இதற்குத் தொப்பிப் படிப்பு என்று பெயர் வைத்திருந்தார். "தலையில தொப்பிய மாட்டிக்கிட்டு அடுத்தவன மாட்டச் சொல்றதுக்கு ஒரு படிப்பா புள்ள?" என்பார். எனக்கும் சிரிப்பு வரும்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. அதற்குள் வைக்கோல் அடைத்த சாக்குப் பொம்மையைப் போட்டு, மயங்கி விழுந்தவரை மீட்கச் சொல்லித்தந்தார் சார். உள்ளே என்ன காற்று நிற்கிறது என்று தெரியாமல் யாரும் இறங்கக்கூடாது, இறங்கப் போகிறவரைக் கட்டிப்பிடித்தாவது நிறுத்து, இல்லாவிட்டால் இரண்டு பிணம் என்றார். நாங்கள் ஒருவரையொருவர் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தக் கோடையில் எங்கள் கிணற்றைத் தூர்வார முடிவு செய்தார்கள். ஒரு மதியம் சிறுவாச்சூரில் பஸ்ஸை விட்டிறங்கிக் எங்கள் வயற்காட்டுக்கு நடக்கும்போதே தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினின் சத்தம் அடைத்தாற்போல் கேட்டது. எஞ்சின் கிணற்றுக்கு வெளியே ஓடினால் அப்படிக் கேட்காது. தண்ணீர் எட்டவில்லை என்று எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள். ஓடினேன். எட்டிப் பார்த்தபோது, அதை நிறுத்த இறங்கிய அப்பா அதன் பக்கத்தில் குப்புறக் கிடந்தார்.

கிணற்று மேட்டில் அம்மாவோடு நின்ற மாமா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் படியில் கால் வைத்தார். நான் பாய்ந்து அவர் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டேன்.

"விடு புள்ள! உங்கப்பா அங்க சாவுறாரு!"

"எஞ்சின் புகை பூரா உள்ள நிக்குது மாமா. எறங்குனா நீங்களும் விழுந்துருவீங்க. அம்மா, தீயணைப்புக்குப் போன் போடு!"

அம்மா பேசி முடித்ததும் வந்து என் முதுகில் அறைந்தாள். "விடுடி அவன! பெத்த அப்பன்டி!" மாமா உதைத்ததில் என் உதடு கிழிந்தது. பக்கத்துச் சோளக்காட்டுக்காரர் ஓடிவந்தார். என்ன நினைத்தாரோ, அவரும் மாமாவை இடுப்போடு பிடித்துக்கொண்டார். மாமா இறங்கிவிட்டால் தேவலை என்று ஒரு கணம் நானே நினைத்தேன். பிறகு இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

தீயணைப்புக்காரர்கள் முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அப்பாவை மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

கருமாதிப் பந்தலில் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவ புடிக்கலன்னா மூச்ச அடக்கிக்கிட்டுத் தூக்கியாந்திருப்பேன்." சாரிடம் போய்க் கேட்டேன். முடிந்திருக்காதும்மா என்றார். அது எனக்குப் போதவில்லை. செய்தது சரிதான் என்று தெரிகிறது, ஆனால் அப்பா இல்லை, அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இந்தப் பாழாய்ப்போன படிப்பைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

மாமா எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போகிறார். துப்பட்டும். துப்ப அவருக்கு மூச்சு இருக்கிறது.