மேக்னெட்டோவின் வயது

அவர் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. காரை விற்றுவிடலாம் என்று என் கணவரின் தம்பி வந்து சொன்னபோது சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் அதைக் கவனித்தார்கள் என்பது தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் அவர் அதிகாரி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். முதல் யுத்தத்துக்கு முந்தின வண்டி. பவானிபூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கழற்றுகிற ஸ்க்ரூக்களை நான் ஒரு கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொள்வேன்.

வாங்க வந்தவர் வயதான வங்காளி டாக்டர். வண்டி ரிப்பேர் செய்கிற ஒரு மிஸ்திரியையும் கூட்டி வந்திருந்தார். நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். டாக்டர் இருக்கையையும் சக்கரத்தையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைத்தான் விசாரித்தார். யுத்தத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்த மேக்னெட்டோ வருஷக்கணக்கில் உழைக்கும். யுத்த காலத்தில் அது கிடைக்காமல் போனதால் பலரும் அகப்பட்டதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அப்படி மாற்றின வண்டியை நம்பி நோயாளி வீட்டுக்குக் கிளம்ப முடியாது என்றார் டாக்டர்.

"எல்லாம் வண்டியோட வந்ததுதான். எங்க அண்ணா எதையுமே மாத்தினதில்லே" என்று மைத்துனர் வங்காள பாஷையில் அடித்துச் சொன்னார்.

மிஸ்திரி எஞ்சின் பக்கம் குனிந்தார். ஒயரைப் பிடித்திருந்த பித்தளைக் கவ்வியைத் தளர்த்தி, அதன் அடியில் நூல் உறையின் நிறத்தைப் பார்த்தார்.

"பழைய ஒயர்னா வெளியே வெளுத்திருக்கும், கவ்விக்கு அடியிலே கறுப்பா இருக்கும். இது ரெண்டு இடத்திலேயும் ஒரே நிறம். புது ஒயர்."

பிறகு பிளக்குகளைத் துடைத்தார். மூன்று மைக்கா வைத்த பழைய பிளக், ஒன்று பீங்கான். கடைசியில் மேக்னெட்டோவின் நம்பர் தகட்டில் விரலை வைத்தார்.

"தகடு பழசு. ஆனா இந்த ஸ்க்ரூவோட தலை சிதைஞ்சிருக்கு பாருங்க. யாரோ கழற்றியிருக்காங்க. பழைய தகட்டை எடுத்து வேற மேக்னெட்டோவிலே மாட்டியிருக்கலாம்."

டாக்டர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். மைத்துனரின் முகம் கறுத்துவிட்டது. நான் கொட்டகைக்கு வந்து நின்றேன். வரவேண்டும் என்று நினைத்ததாக ஞாபகமில்லை.

"மன்னி, நீங்க உள்ளே போங்கோ. நான் பேசிக்கறேன்."

நான் போகவில்லை. தெருவில் காய்கறிக்காரியிடம் பேசிப் பழகின வங்காள பாஷையில் மிஸ்திரியிடம் சொன்னேன்: "அந்த ஸ்க்ரூவைக் கழற்றினது நான்தான்."

"நீங்களா, மா?"

மழைக்காலத்தில் ஒரு நாள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வண்டி நனைந்து நின்றுவிட்டது. அவர் மேக்னெட்டோவைக் கழற்றி நேரே சமையலறைக்குக் கொண்டுவந்து கரியடுப்புப் பக்கத்தில் வைத்தார். மடி போச்சே என்று நான் கத்தினேன். "இது என்ன, வெங்காயமா பூண்டா? இரும்புதானே" என்று சிரித்தார். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவர அவர் போன நேரத்தில், தகட்டுக்கு அடியில் ஈரம் இருக்குமே என்று நான் காய் நறுக்குகிற கத்தி முனையால் திருகினேன். கத்தி வழுக்கி ஸ்க்ரூவின் தலை சிதைந்தது.

இதையெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல் படிக்கிற குரலில் சொன்னேன். ஒயர் நாலும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றியது, பீங்கான் பிளக் போன குளிர்காலத்தில் போட்டது என்றும் சொன்னேன். "அடுப்புப் பக்கம் இருந்த இடத்திலே வார்னிஷ் கருகியிருக்கும். அடியிலே பாருங்கோ."

மிஸ்திரி சின்னக் கண்ணாடி ஒன்றை அடியில் பிடித்துப் பார்த்தார். கருகல் இருந்தது. பிறகு தகட்டையும் கழற்றினார். தகடு மூடியிருந்த இடத்தில் பழைய வார்னிஷ் மங்காமல், அதே அளவில், ஓரம் பிசகாமல் இருந்தது.

"இது இந்த மேக்னெட்டோவோட தகடுதான். மா சொல்றது சரி. சண்டைக்கு முந்தினது" என்றார்.

டாக்டர் குடையைச் சாய்த்து வைத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "கத்தி வழுக்கினதுக்கு அவர் கோபிச்சுக்கலையா?"

"இல்லை. என் கையிலே வெட்டு பட்டுதோன்னு பார்த்தார்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். யாரோ ஒருவருடைய புருஷனைப் பற்றி யாரோ ஒருத்தி சொல்வதைக் கேட்பதுபோல் நான் நின்றேன்.

அன்றே டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டார். மிஸ்திரி வண்டியின் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. வண்டி சந்து திரும்பும்வரை மைத்துனர் வாசலில் நின்றார். திரும்பி வந்து, "இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு அண்ணா சொன்னதே இல்லையே" என்றார். பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்ட வெட்கம் அவருக்கு. கோபம் இல்லை.

"நீங்க சாப்பிட வாங்கோ" என்றேன்.

அன்று ராத்திரியாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தூங்கிவிட்டேன். பிறகு அது எந்த நாளில் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரே நாளில் மொத்தமாக வரவில்லை.

அடுத்த மாதம் மேல்வீட்டுக்காரர் தன் பசுமாட்டைக் கட்ட அந்தக் கொட்டகையைக் கேட்டு அனுப்பினார். தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறது, மாடு வழுக்கும், சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.