முகம் எடுக்காதவர்

எங்கள் கல்லூரியில் திரைப்படத் தாள் நடத்த வந்த பேராசிரியை, தாம் எடுத்த எந்தப் படத்திலும் மனித முகத்தைக் காட்டியதில்லை. சென்னையில் பல ஆண்டுகள் ஒளிப்பதிவு கற்பித்துவிட்டு மன்னார்குடிக்கு வந்திருந்தார். அவருடைய படங்கள் திரையரங்குக்கு வந்தவையல்ல. வெளிநாட்டு விழாக்களிலும் ஓவியக் கூடங்களிலும் காட்டப்பட்டவை. ஒன்றில் மழையில் நனைந்த சுவர் மெல்லக் காய்கிறது. இன்னொன்றில் பேருந்துக் கம்பியைப் பற்றிய கைகள் மட்டுமே. "முகத்தைக் காட்டினா உடனே கதை தேட ஆரம்பிச்சுடுவீங்க" என்பார். இலக்கியம் படிக்கும் எனக்கு அந்த வாதம் முழுவதும் ஒப்பவில்லை. ஆயினும் மறுத்துப் பேசியதில்லை.

குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றில் அவர் சம்பா நடவைப் படமாக்கியபோது, கேமராவுக்குக் குடை பிடித்தவள் நான். நாற்று முடியைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும் ஒரு பெண்ணின் கைகள்தான் படத்தின் பெரும்பகுதி. விழாவுக்கு அனுப்பும் முன், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அதைத் திரையிட்டோம்.

முடிந்ததும் அந்தப் பெண் எழுந்தார்.

"என் மூஞ்சி எங்கங்க டீச்சர்?"

"முகம் வேண்டாம்னுதான் இந்தப் படமே எடுத்தேன் அக்கா."

"மூஞ்சி வேணாம்னா கையும் வேணாம். எடுத்துடுங்க."

கைகள் போனால் மிஞ்சுவது நீரும் வரப்பும்தான். வெளிநாட்டில் காட்டுவது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். பேராசிரியை வெட்டிவிட்டார். ஆனால் வெட்டிய இடத்தை ஒட்டவில்லை. கைகள் இருந்த நேரம் முழுவதையும் கறுப்பாக விட்டு, அதே கூடத்தில் மறுபடி காட்டினார்.

திரை இருண்டது.

"கரண்டு போயிடுச்சா?" என்றது ஒரு குரல்.

"கரண்டெல்லாம் இருக்கு. இது அத்தை கோவிச்சுக்கிட்ட எடம்!"

கூடமே சிரித்தது. இருட்டு நீள நீள, அத்தையின் கோபம் இன்னும் ஆறவில்லை என்று கேலி வளர்ந்தது. கடைசியில் அந்தப் பெண்ணே சிரித்துவிட்டார். அந்தச் சமயத்தில் பேராசிரியை அவர் அருகே போய் அமர்ந்தார்.

"கையைத் திரும்பச் சேர்த்துக்கட்டுமா அக்கா?"

"மூஞ்சியோட சேருங்க. நானா வேணாங்கறேன்?"

"முகம் எடுக்க எனக்கு வராதுக்கா."

அதுவரை 'வேண்டாம்' என்று மட்டுமே எங்களிடம் சொல்லிவந்தவர், எங்கள் எதிரிலேயே 'வராது' என்றார்.

"வராதா? எதுக்க உக்காந்து பாத்து எடுக்க வேண்டியதுதானே. அப்புறம் புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறீங்க?"

படம் கறுப்புடனேயே விழாவுக்குப் போனது.

அடுத்த வகுப்பில் பேராசிரியை, ஒருவர் முகத்தை மற்றவர் படமெடுக்க வேண்டும் என்றார். இணை சேர்ந்ததில் நான் தனியாக நின்றேன். அவரே கேமராவுடன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. லென்ஸை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.