தாத்தா கழுத்தில் பெல்ட்

"அண்ணே, தாத்தா கழுத்துல பெல்ட் போட மாட்டேன்" என்றார் கதிரேசன். மணி பத்து. சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றைப் பதினொரு மணி வரைதான் மூட அனுமதி வாங்கியிருந்தோம். லாரி கிரேன் தயாராக நின்றது.

சட்டத்தை மீறி உப்பு அள்ளி, அடித்தவரைத் திருப்பி அடிக்காமல் ஜெயிலுக்குப் போன தலைவரின் நினைவு மண்டபம் அந்தச் சந்தில் இருந்தது. அவருடைய மார்பளவு வெண்கலச் சிலையை வாசல் பீடத்தில் ஏற்றி வைப்பது எங்கள் வேலை. எங்கள் ஆட்களுக்கு அவர் வெறும் தாத்தா. நான் லிஃப்டிங் சூப்பர்வைசர். கதிரேசன், தூக்கும் பொருளுக்குக் கிரேன் பெல்ட் மாட்டும் ரிகர். துவாஸில் வெளிநாட்டுத் தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியிருந்தார். அதுவரை என்னிடம் மறுபேச்சுப் பேசாதவர்.

"சிலைதானப்பா. கழுத்தச் சுத்திப் போட்டாத்தான் நழுவாது."

"சிலைதாண்ணே. ஆனா தூக்குல போடற மாதிரி இருக்கு, கை வரல. அடியில ரெண்டு பெல்ட் குடுத்துத் தூக்கலாம். அரை மணி நேரம் குடுங்க."

சொல்லிவிட்டுப் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. எனக்குத்தான் தலைக்கேறியது.

மேனேஜர் சேகர் வந்தார். "டைம் இல்ல லா அண்ணே. இவரு சொன்னதச் செய்யலன்னா வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடறேன். என்ன சொல்றீங்க?"

கதிரேசன் காதில் விழும்படிதான் கேட்டார். வீம்புக்கு, "உங்க இஷ்டம்" என்றேன்.

பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு நானே போனேன். சிலையில் கீறல் விழக் கூடாதென்று முதலில் கழுத்தில் கம்பளி சுற்றினேன். சிலையின் சால்வை மடிப்புக்குள் கம்பளியைச் செருகும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதிக் கழுத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அங்கே பெல்ட் இறுகியிருந்தால் தலை தனியாக வந்திருக்கும், கீழே நிற்கிறவர்கள் மேல் உடல் விழுந்திருக்கும்.

அப்புறம் கதிரேசன் சொன்னபடியேதான் செய்தோம். மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் இரண்டு பெல்ட் விட்டு, ஆடாமல் இருக்கத் தோளோரம் கயிறு கட்டித் தூக்கினோம். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாத்தா பீடத்தில் உட்கார்ந்தார். விரிசலை அடைக்க வெல்டர் பிறகு வந்தார்.

"சேகர், அந்தப் பெர்மிட் பேச்ச விட்டுடுங்க. தப்பு என்னோடது" என்றேன். அவரும் விரிசலைப் பார்த்திருந்தார். "ஓகே லா" என்றார்.

கதிரேசனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். "விரிசல் இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அதச் சொல்லியிருக்க மாட்டேனாண்ணே?"

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. விரிசல் இல்லாவிட்டால், என் 'உங்க இஷ்டம்' அவரை விமானம் ஏற்றியிருக்கும். இப்போது சூப்பர்வைசராக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஆள் மாட்டேன் என்றால், விரிசல் கண்ணில் படும்வரை காத்திருக்காதீர்கள். அவர் கேட்கிற அரை மணி நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.