மதகடியில் நான் போட்ட சத்தம்

காஜா பேராங்கில் எங்கள் வீடு ஆற்று மதகை ஒட்டியே இருந்தது. மதகைத் தூக்கி இறக்குவது என் வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. பலகையை ஒரு சாண் மட்டும் தூக்கி வைப்பார். தண்ணீர் அடியில் ஓடிவிடும்; மிதக்கிற குப்பையெல்லாம் பலகையில் முட்டி நிற்கும். இரும்புக் கொக்கியால் வாரிக் கரையில் போடுவார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் பைகள் கடைக்கு வந்த புதிது. முன்பெல்லாம் சாமி மாலையை வாழையிலையில் சுற்றி ஆற்றில் விடுவார்கள். இப்போது சுத்தமாகப் போகட்டும் என்று பிளாஸ்டிக் பையில் கட்டி விட்டார்கள். பூ அழுகும், பை அழுகித் தொலையுமா? செத்த எலியை இழுக்கிற கொக்கியை மாலையில் படவிட மாட்டார் என் மனுஷன். குப்புறப் படுத்து, கையை விட்டுத்தான் எடுப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மத்தியானம் பேய்மழை. பைகள் மதகின் வாயை அடைத்து, தண்ணீர் என் அடுப்படிக்குள் ஏறிவிட்டது. வெளியே ஓடினேன். அவர் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பையாக எடுத்துக்கொண்டிருந்தார். பலகையைத் தூக்குகிற சங்கிலிச் சக்கரத்தருகே என் தம்பி நின்றான்; லாரி ஓட்டுகிறவன், உதவிக்கு வந்திருந்தான்.

“வீடு முங்குது, இவருக்கு மாலை கேக்குதா! தூக்குடா கேட்டை!”

“மச்சான் கையி உள்ள இருக்குக்கா…”

“தூக்குடான்னா தூக்கு, நாயே!”

மழைச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. தம்பி சுற்றினான். திறந்த வேகத்தில் தண்ணீர் பைகளோடு அவர் கையையும் உள்ளே இழுத்தது. அவர் அலறினார். பதறிப்போய்த் தம்பி சக்கரத்தை விட்டுவிட்டான். பலகை அவர் முழங்கைமேல் இறங்கியது.

ஓடிவந்தவர்கள் அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். நான் கொக்கியை எடுத்தேன்.

“கையத் தின்னுட்டியேடா பாவி!”

தம்பியை முதுகில் அடித்தேன், தலையில் அடித்தேன். காது கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் தடுக்கவே இல்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“யாரு கேட்டைத் தூக்கச் சொன்னது?”

தலையில் கட்டோடு நின்ற தம்பி என்னைப் பார்த்தான்.

“யாரும் சொல்லல மச்சான். நானாத்தான் தூக்கினேன்.”

மிச்சமிருந்த கையால் அவனை ஓங்கி அறைந்தார். “இனிமே என் வாசப்படி மிதிக்காத” என்றார்.

தம்பி வெளியே போனான். ஊரையே கூட்டுகிற என் வாய் திறக்கவில்லை.