சின்னானின் கடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்க் கட்டுமரத்தின் கயிற்றைச் சரிபார்க்கிற ஆள் நான். பயத்தில் அல்ல, எரிச்சலில். முகத்துவாரத்தில் வெளிச்சம் தெரிந்தது, கோட்டைச் சுவருக்குள் அழுகை கேட்டது என்று பழவேற்காட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள், நான் ஒன்றையும் நம்பியதில்லை, இப்போதும் நம்புவதில்லை. இதை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. சிரிப்பதாக இருந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வஞ்சிரம் பிடிக்க நாங்கள் ஈயத்தில் மீன் வார்ப்போம். விரல் நீளம், வாலில் கொக்கி, கொக்கியை மறைக்க வெள்ளைச் சேவல் இறகு. கோட்டைச் சிப்பாய்கள் சுட்டுப் பழகும் மண்மேட்டைக் கிளறினால் ஈயக்குண்டு கிடைக்கும், அதுவும் காவல்காரன் அசந்திருந்தால்தான். கரையில் ஒதுங்கிய கணவாய் மீனின் ஓட்டை இரண்டாக அறுத்து, உள்ளே மீன் வடிவத்தில் குடைந்து, சேர்த்துக் கட்டி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவோம். சூட்டில் ஓடு கருகிவிடும், ஒருமுறைதான் உதவும். ஆறியதும் அவனவன் தன் மீனின் முதுகில் ஒரு கடி கடிப்பான். ஒரே கட்டுமரத்தில் நாலு பேர் போகும்போது எது யாருடையது என்ற சண்டை வரக்கூடாது, அதற்குத்தான். என் தம்பி சின்னானுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது, துடுப்பு பட்டுப் போனது. அவன் கடியை இருட்டில் தடவியே சொல்லிவிடலாம்.

சின்னான் ஒருநாள் கோட்டைக்கார ஒல்லாந்தர் கப்பலில் மூட்டை ஏற்றப் போனான். சாயங்காலம் பார்த்தால் கப்பலும் இல்லை, அவனும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பத்தாவியாவுக்கு அடிமையாகக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் ஒருவர், தண்ணீரில் விழுந்து செத்தான் என்றார் இன்னொருவர். ஏழு வருஷம் ஒரு சேதியும் இல்லை. பெரியவர்கள் கூடி, வருகிற வெள்ளிக்கிழமை கருமாதி செய்து அவன் பெண்சாதி பொன்னியின் தாலியை இறக்கிவிடலாம் என்றார்கள். அண்ணன் சரி என்றால்தான் நடக்கும். நான் தலையாட்டினேன். எப்படியாவது அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம். விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். கொக்கிகளைத் தீட்டி எண்ணெய் தடவி வைத்துவிட்டேன், கடைசி மீனுக்கு ஈயம் இல்லை. கூரை வளையில் சின்னானின் பழைய மீன் தொங்கியது. கையில் எடுத்தபோது பொன்னி பார்த்துவிட்டாள்.

“அத்த மட்டும் வுட்டுடுங்க மாமா. அவரு கட்ச்சது அதுல கீது.”

“போனவன் மீன வச்சிக்னு இன்னா பண்ணப் போற? அடுப்ப ஊது,” என்றேன்.

அவள் ஊதவில்லை. நானே ஊதினேன். இரும்புக் கரண்டியில் மீன் உருவம் குலைந்து, உருகி, பளபளவென்று நின்றது. கடியும் அதோடு போனது, கண்ணால் பார்த்தேன். ஊற்றியது புது ஓட்டில். அதைக் குடைந்தது நான், உள்ளே வழுவழுவென்று தேய்த்தது நான், ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஓட்டைப் பிரித்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தபோது முதுகில் கடி இருந்தது. சின்னானின் கடி.

பொன்னி அதை வாங்கி வெகுநேரம் விரலால் தடவினாள்.

“பக்கத்துப் பல்லும் போய்ட்ச்சி மாமா,” என்றாள். “செத்தவங்களுக்குப் பல்லு வுழுமா?”

பார்த்தேன். முன்பு ஒரு பல்லின் இடைவெளி, இப்போது இரண்டு பல்லின் இடைவெளி. சாயங்காலமே பெரியவர்களிடம் போய், கருமாதி வேண்டாம், தம்பி உயிரோடு இருக்கிறான் என்றேன். எப்படித் தெரியும் என்றார்கள். தெரியும் என்றேன். என் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வஞ்சிரப் பருவத்துக்கு முன்பும் மற்ற மீன்களோடு அதையும் உருக்கி வார்க்கிறேன். கடலில் இறக்குவதில்லை. கொக்கி வைத்து, இறகு கட்டி, பழையபடி வளையில் மாட்டிவிடுவோம். கடி தவறாமல் வரும். பொன்னி வந்து தடவிப் பார்ப்பாள், அந்த வருஷத்துக்கு அவளுக்கு அது போதும்.

போன வருஷம் ஓட்டைப் பிரித்தேன். சின்னானின் கடிக்குப் பின்னால், வால் பக்கமாக, இன்னொரு கடி. பொடிப்பொடியாக, நெருக்கமாக. பால்பற்கள், ஏதோ ஒரு குழந்தை கடித்தது. உருக்கி மறுபடி ஊற்றினேன், மறுபடியும் இரண்டும் வந்தன. வெளியே பொன்னி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு. அதைக் கழற்ற விடாமல் செய்தவன் நான். வேறு வழி தெரியாமல், இறகை எப்போதும் கட்டுவதைவிட அடர்த்தியாக வைத்து, அந்தச் சின்னக் கடி மறையும்படி கட்டிக் கொடுத்தேன்.

தடவினாள். அவள் விரல் சின்னானின் கடியில் நின்றது, பிறகு இறகின்மேல் வந்து நின்றது.

“இந்த வாட்டி எறகு ஜாஸ்தியா கீதே மாமா,” என்றாள்.

அவள் இறகை விலக்கிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஓட்டைக் குடைந்து வைத்து எட்டு நாளாகிறது, இன்னும் அடுப்பு மூட்டவில்லை. காலையில் பொன்னி வந்தாள். நான் கேட்கவே இல்லை, ஒரு கை நிறைய வெள்ளை இறகைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.