பெட்டிக்குள் இரண்டு

எங்கள் மிருகக்காட்சிசாலையில் முள்ளம்பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டியவன் நான்தான். தீவன அறையில் நாள் முழுக்கக் கிழங்கும் பூசணியும் நறுக்குகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி? இருபத்திரண்டு வருடமாகியும், கூண்டின் பூட்டில் சாவியை நுழைக்கும்போது அக்காவின் கை நடுங்கும். கேட்டால் மறைக்க மாட்டாள். "பயம் இருக்கிறதாலதான் தம்பி இன்னும் ரெண்டு கண்ணோட வீட்டுக்குப் போறேன்" என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முள்ளம்பன்றி முதுகைக் காட்டி நின்றது. ஓடப்போகிறது என்று நினைத்து இவள் கிட்டே போனாள். அது அப்படியே பின்பக்கமாகப் பாய்ந்து கெண்டைக்காலில் மோதியது. சீழ் பிடித்து ஒரு மாதம் படுக்கை. அதனால்தான், "முள்ளை அம்பு மாதிரி எறியுமாமே?" என்று யாராவது கேட்டால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எறிஞ்சாத்தான் விலகித் தப்பிச்சுக்கலாமே! இது கிட்ட வந்து குத்திட்டு, முள்ளையும் நம்மகிட்டயே விட்டுட்டுப் போகும்."

முள்ளம்பன்றி இரவில் அலையும், பகலில் தூங்கும். விடிந்ததும் ஆணும் பெண்ணும் தாமாகவே மரப்பெட்டிக்குள் போய் அடங்கிவிடும். அக்கா கதவை இறக்கிவிடுவாள். குனிந்து, டார்ச் அடித்து, கண்ணால் பார்த்து எண்ண வேண்டும் என்பது விதி. முகத்தைப் பெட்டியருகே கொண்டுபோக அவளுக்குத் தைரியமில்லை. அதனால் அகப்பையால் பெட்டியை மூன்று தட்டு தட்டுவாள். உள்ளே வால் ஆடும், வாலில் இருக்கிற உள்ளீடற்ற முட்கள் சலசலக்கும். இந்த மூலையில் ஒரு சலசலப்பு, அந்த மூலையில் ஒன்று. பலகையில் 'இரண்டு' என்று எழுதிவிடுவாள். அவள் விடுப்பில் போனால் நானும் அப்படித்தான் எண்ணுவேன். நான் மட்டும் பெரிய வீரனா?

அன்று கூண்டுத் தொட்டியில் தண்ணீர் வரவில்லை. குழாயை மூடித் திறக்கும் வால்வு, சுவருக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுப் பொந்துக்குள் இருந்தது. பொந்தை மறைத்திருந்த பலகையில் பாதியைக் காணோம். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எலும்பு போட்டாலும் போதாதென்று கதவையும் பலகையையும் கடித்துத் தேய்க்கும்.

குழாய் வேலை பார்ப்பவர் அக்காவின் கணவர்தான். ஸ்பேனரோடு வந்து நின்றார்.

"ரெண்டும் பெட்டிக்குள்ளதானே?"

"உள்ளதாங்க. நல்லாக் கேட்டுட்டேன்."

"நீ சொன்னா சரி. உன்னைவிடப் பயந்தவ இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்று சிரித்துவிட்டு, குப்புறப் படுத்து இடுப்புவரை உள்ளே நுழைந்தார். கால்கள் மட்டும் வெளியே.

அப்போது பொந்துக்குள்ளிருந்து தரையை உதைக்கும் சத்தம் வந்தது. தொம், தொம். பிறகு சலசலப்பு.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு மூலையில் வாலை ஆட்டி, நடந்துபோய் மறு மூலையிலும் ஆட்டியிருக்கிறது.

"என்னம்மா, இங்க யாரோ கிலுகிலுப்பை ஆட்டறாங்க?" அவர் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"அசையாதீங்க. இன்னொண்ணு அங்கதான் இருக்கு."

சிரிப்பு நின்றது. "முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்குது. போயிடும்போல."

"போகாதுங்க! அது அடிக்கிறதே பின்பக்கமாத்தான். கண்ணை மூடுங்க. கையால முகத்தை மறைச்சுக்கோங்க."

"ஸ்பேனரால ஒரு தட்டு தட்டவா?"

"சாமி சத்தியமா வேண்டாங்க!"

அக்கா ஒரு காலைப் பிடித்தாள், நான் மறு காலைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்தால் அது பாயும் என்றாள். விரற்கடை விரற்கடையாக இழுத்தோம். அவள் பல் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது, ஆனால் பிடி தளரவில்லை. மார்பு வெளியே வந்தபோது சலசலப்பு சட்டென்று நின்றது.

"இழு!" என்று அலறினாள்.

வெளியே வந்து விழுந்தவரின் முன்னங்கையில் நான்கு முட்கள். ஐந்தாவது முள், முகத்தை மறைத்த கையின் விரலிடுக்கில் நுழைந்து, புருவத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. அரை அங்குலம் கீழே கண்.

ஆணைப் பெட்டியில் விட்டுவிட்டுப் பெண் ஏன் அங்கே தங்கியது என்று கால்நடை மருத்துவர் வந்து பொந்துக்குள் டார்ச் அடித்த பிறகுதான் தெரிந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத இரண்டு குட்டிகள். கண் திறந்திருந்தது, முள் இன்னும் மயிர்போல மெத்தென்று இருந்தது. முட்களுக்கு அடியில் தாயின் வயிறு பெருத்திருந்தது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அக்கா தினமும் தரையில் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துத்தான் எண்ணுகிறாள். கை முன்னைவிட அதிகமாக நடுங்குகிறது. பயந்தாங்கொள்ளி என்று நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையிலிருந்து அக்கா, "என்னங்க?" என்று குரல் கொடுத்தாள். உள்ளறையிலிருந்து, "இருக்கேன்மா" என்று பதில் வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் கிளம்பினாள். அதற்குள் அவரே எழுந்து வந்து, வாசற்படியில் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்.